வெள்ளிக்கிழமை கழற்றிய டேஷ்போர்டு

விஜயபுரம் பக்கத்து ஆட்களை ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்கு ஷிப்டுக்கு ஏற்றிப் போக ஒரு பழைய வேன் வைத்திருந்தேன். அதுதான் பிழைப்பு. வேனுக்கும் எனக்கும் சேர்ந்தே முதுகு போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆட்களை ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வந்து ஹெட்லைட் செத்துவிட்டது. மறுநாள் விடியுமுன் கிளம்பவேண்டிய வண்டி. வராவிட்டால் வேறு வேன் போட்டுவிடுவேன் என்று, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனிலேயே சொல்லிவிட்டார்.

நகரியில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். இரண்டு பேருமாக மீட்டரைக் கழற்றினோம், ரேடியோவைக் கழற்றினோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பிய சந்தனம் திருகாணித் தலைகளில் கல்லாய் இறுகிக் கிடந்தது. ஊசியால் நோண்டி நோண்டி எனக்குக் கண் எரிந்தது. கடைசித் திருகாணி நட்டநடுவில், சாமித் தகட்டுக்கு அடியில் இருந்தது. பெருமாளும் தாயாரும் சேர்ந்த தகடு. வண்டி எடுத்த அன்று திருப்பதியில் வாங்கி என் மனைவி ஒட்டியது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். "நா வல்ல காதண்ணா, என்னால ஆவாது. கறி துன்ன கையி. உன் சாமிய நீயே எடு."

மனைவிக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கெழமயில தாயார பேத்து எடுப்பாங்களா? குடும்பத்துக்கு ஆவுமா? பொழுது விடிஞ்சி எடு."

"விடியறதுக்குள்ள வண்டி போவணுமே."

"அப்ப சாமிய தொடாத செய்யி."

சண்டை போடத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். அந்த ஒரு திருகாணியை விட்டுவிட்டு, போர்டை ஓரமாக நெம்பிக் கையை உள்ளே விடலாம் என்றேன். மெக்கானிக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கும் அதே பயம்தானே. இருவரும் சேர்ந்து இழுத்தோம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் படாரென்று பிளந்தது. இழுத்த வேகத்தில் ஒயர்க் கட்டு மொத்தமும் பிய்ந்து தொங்கியது.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தான். "கருகிக்கினு இருந்தது ஒத்த ஒயருதாண்ணா. இப்ப மொத்தமா மாத்தணும். சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும்."

சாமான் வருவதற்குள் ஏஜென்ட் வேறு வேன் போட்டுவிட்டார். வேலையில்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சித்தூரில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் தள்ளிவிட்டேன். சாமியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நகத்தை வைத்ததும் தகடு கையோடு வந்துவிட்டது. பசை எப்போதோ காய்ந்துபோயிருக்கிறது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஸ்ரீ சிட்டியிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் இருட்டோடு ரோட்டில் நின்றேன். ஏஜென்ட் போட்ட புது வேன் வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் நான் ஏற்றிப் போன ஆட்கள். தூக்கக் கலக்கத்தில் நேராகப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

"பின்னால ஏறுண்ணா," என்றான் டிரைவர்.