லூர்துராணி வைத்த கொலை

தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்த பெண்களில் லூர்துராணியின் குரல் தனி. கூப்பிடுகிறவர் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் ஒரு சுருதி ஏறாது. முப்பத்திரண்டு வயது. எடமலைப்பட்டி புதூரில் அம்மாவோடு வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் காதில் ஹெட்போன். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, 1984-ல், கப்பலில் வேலை பார்த்த தம்பி சவரிராயன் லீவில் வந்து ஒரு பெட்டியைக் கொடுத்தான்.

“பரமபதம் மாதிரி ஏதோன்னு நெனச்சு வாங்கிட்டேன்க்கா. பிரிச்சுப் பாத்தா பலகையே இல்ல.”

உள்ளே பூதப்படம் போட்ட இங்கிலீஷ் புத்தகமும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் படித்து முடித்தாள். ஒருவர் ஒரு மாய உலகத்துக் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயாலேயே சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

கூட்டாளிகள் ஓய்வறையிலேயே கிடைத்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வரும் ரெங்கம்மாள் வேலையில் ஐந்து வருடம் மூத்தவள். ஆட்டத்தில் திருடியாக இருக்க ஆசைப்பட்டாள். பாலக்கரை ஷரபுன்னிசா மந்திரக்காரி ஆனாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாக்களை ஒதுக்கி வைத்துவிட்டு தினமும் அரைமணி நேரம் மூவரும் குகைகுகையாகப் போய் பூதங்களை வெட்டினார்கள். ரெண்டு மாதத்தில் ரெங்கம்மாளுக்கு அலுத்துவிட்டது.

“எத்தனை பூதத்தத்தான் வெட்டறது லூர்து? ஒரு கொலை வை. யாரு பண்ணாங்கன்னு நாங்க கண்டுபிடிக்கிறோம்.”

லூர்துராணி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தாள். ஆற்றின் நடுவே ஒரு கோட்டை. அங்கே அரண்மனை வைத்தியர் தன் அறையில் கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறார். கொன்றவன் காவல் தலைவன். எதிரிக்குப் பின்கதவைத் திறந்துவிட அவன் போட்ட திட்டம் வைத்தியருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கதவின் கள்ளச் சாவியைக் கிணற்றில் போட்டிருக்கிறான். பதினைந்து நாள் உழைப்பு.

ஆட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது.

“எனக்குத்தான் ஆவியோட பேசற மந்திரம் இருக்குல்ல,” என்றாள் ஷரபுன்னிசா. “நேரா அவர்கிட்டயே கேட்டுடறேன். ஐயா, உங்கள யாருங்க கொன்னது?”

கத்தியால் குத்தியவனை வைத்தியர் நேருக்கு நேர் பார்த்திருக்கிறாரே. “நாளைக்குச் சொல்றேன்,” என்று லூர்துராணி நோட்டை மூடினாள்.

மறுநாள் கத்தி போய் விஷம் வந்தது. ஆவி எழுந்து, “யாரென்று அறியேன். குடித்த பால் கசந்தது,” என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டது.

ஆனால் கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று நாள் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் ஷரபுன்னிசாவே கேட்டாள்: “நாங்க ஏதோ ஒரு எடத்தப் பாக்கல போலிருக்கு. அதப் பாக்கலேன்னா கதையே நின்னுடுமா லூர்து?”

அந்தக் கேள்வி லூர்துராணியைக் குடைந்தது. அன்று பிற்பகல் ஒருவருக்கு மெட்ராஸ் அவசரமாக வேண்டியிருந்தது. நேர் லைன் கிடைக்கவில்லை. மதுரை வழியாகப் போட்டாள், அதுவும் இல்லை. கோயம்புத்தூர் வழியாகக் கிடைத்தது. “பேசுங்க,” என்று சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்தாள். சாயங்காலமே நோட்டில் எழுதினாள். காவல் தலைவனிடம் போய்ச் சேர கிணற்றுச் சாவி ஒரு வழி. சாவி செய்து கொடுத்த கொல்லன் ஒரு வழி. வைத்தியரின் அங்கியில் தைத்து வைத்த கடிதம் இன்னொரு வழி. ஒன்று அடைபட்டால் மற்றொன்று.

இத்தனையும் செய்து வைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து சமையல்காரி மாணிக்கிதான் குற்றவாளி என்று ராஜாவிடம் போய் நின்றார்கள். பால் காய்ச்சியவள் அவள். அடுப்படியை விட்டு நகரவே இல்லை என்று வேறு பொய் சொன்னாள். உண்மையில், சொல்லாமல் கொள்ளாமல் அக்கரையில் தங்கைக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், பாவம். அந்த நேரத்தில்தான் காவல் தலைவன் அடுப்படிக்குள் போய்ப் பாலில் விஷம் கலந்தான். ஆட்டத்தை நடத்துகிறவள் குறுக்கே பேசக் கூடாது. ராஜா தண்டனை சொன்னார். லூர்துராணிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, இரண்டு அழைப்புகளுக்கு நடுவே, பக்கத்து நாற்காலியிலிருந்து ரெங்கம்மாள் மெல்லக் கேட்டாள்.

“மாணிக்கிய எப்பத் தூக்குல போடறாங்க?”

“இன்னிக்கு லஞ்ச்சுக்குக்கா.”

“நிறுத்தச் சொல்லு. காலைல வீட்டுல பால் காய்ச்சறப்பத்தான் ஒறைச்சது. பால் கசந்துச்சுன்னு ஆவி சொல்லிச்சில்ல? கைதேர்ந்த சமையல்காரி விஷம் வெச்சா, ஏலக்காயும் வெல்லமும் போட்டுக் கசப்ப மறைச்சிருக்க மாட்டாளா? சமையக்கட்டுப் பக்கமே போகாத ஒரு ஆம்பளதான் அப்படியே கலக்கியிருப்பான்.”

நோட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத வழி அது. எழுதியவளுக்கே தோன்றாதது. லூர்துராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் போர்டில் விளக்கு எரிய, “எந்த ஊருங்க வேணும்?” என்று அதே சுருதியில் கேட்டாள்.

விசாரணை மறுபடி நடந்தது. கொல்லன் வாயைத் திறந்தான், காவல் தலைவன் அகப்பட்டான். ஷரபுன்னிசா கை தட்டினாள். ரெங்கம்மாள் தட்டவில்லை.

“ராஜா அந்தப் பொம்பளகிட்ட மன்னிப்புக் கேக்கணும். சபையில கூப்புட்டு இல்ல. அடுப்படிக்கு வந்து கேக்கணும்.”

“அதெல்லாம் நான் எழுதி வெக்கலியேக்கா.”

“இப்பச் சொல்லு.”

லூர்துராணி நோட்டைக் கீழே வைத்தாள். ராஜா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். “அம்மா, நாங்க அவசரப்பட்டுட்டோம்,” என்றார். பிறகு தங்கைக் குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று கேட்டார்.

மாணிக்கியின் பதிலுக்காக இரண்டு பேரும் லூர்துராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.