அபுதாபி என்ற சக்களத்தி

விமான ரிக்கற் விற்கிற கடைக்கு வருகிறவர்கள் ரிக்கற் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைப்பவர்கள், ஒருநாளும் கவுண்டருக்குப் பின்னால் நிற்காத பாக்கியசாலிகள். நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தவருக்குத் தெரியும். அங்கே குளிருமா, இப்போது என்ன நேரம், எப்படிப்பட்ட ஊர், சோறு கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் பார்க்டேலில் குணம் அண்ணையின் பயண ஏஜென்சியில் வேலை செய்தேன். முன்பக்கம் ரிக்கற், பின்பக்கம் வெளிநாட்டுக்குக் கதைக்க இரண்டு ரெலிபோன் பூத். என் கணவர் அப்போது அபுதாபியில், எண்ணெய்க் கம்பனியொன்றில் ஏசி மெக்கானிக். கலியாணமாகிக் கொஞ்ச நாளில் அவர் அங்கே போனார், நான் அகதியாகக் கனடா வந்தேன். அவரையும் இங்கே கூப்பிட மனுப்போட்டு, விசாவும் கிடைத்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ஒவ்வொரு வெள்ளியும் அங்கே பின்னேரம் ஆறு மணியாகும்போது கடையிலிருந்து கோல் எடுப்பேன். "ஏசி திருத்திறவனுக்கு அந்தக் குளிருக்கை என்ன வேலை? கொஞ்சம் பொறும்" என்பார். பொறுத்தேன். ஆனால் அந்த ஊரை நினைத்தாலே வயிறு எரியும். சக்களத்தியை நினைத்தால் எரியுமே, அதே எரிச்சல்.

இதற்குள் குணம் அண்ணை வேறு, வளைகுடாப் பக்கம் போகிற எவர் வந்தாலும், "அபுதாபியோ? வசந்தியைக் கேளுங்கோ, அவவின்ர மனுசன் அங்கைதான்" என்று என்னிடம் தள்ளிவிடுவார். கண்ணால் காணாத சக்களத்தியின் அழகை நான் சிரித்த முகத்தோடு விளம்பவேண்டும்.

சுவெற்றர் வேணுமோ?

ஒரு ஜனவரி. ரெக்ஸ்டேலில் இருந்து ஒருவர் சப்பாத்து நிறையப் பனியோடு வந்தார். அபுதாபியில் தம்பியைப் பார்க்கப் போகிறாராம். அங்கே காலநிலை எப்படி, சுவெற்றர் வேண்டுமா என்று கேட்டார். ஜனவரியில் அங்கே இதமான வெயிலும் கடற்காற்றும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வெள்ளிதான் என் மனுசன் ரசித்து ரசித்துச் சொல்லியிருந்தார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக அந்த ஊரின் யூலை மாதத்தை எடுத்து விட்டேன். நெருப்பு வெயில், கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு, ஏசி அறையை விட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் நீராவிப் புகார் படிந்து வழி தெரியாது, பைப்பைத் திறந்தால் சும்மா தண்ணியே சுடும் என்று அடுக்கினேன். அவர் தன் காலடியில் உருகிக் கிடந்த பனியைப் பார்த்தார்.

"பைப்பிலை சும்மாவே சுடுதண்ணி வருமோ? அப்ப உந்த ரிக்கற்றை நாளைக்கே போடும் பிள்ளை!"

முத்துக்குக் கீழே

அந்தோனிப்பிள்ளை அங்கிள் மன்னார்க்காரர். மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அபுதாபிக்குப் புறப்பட்டார். போகமுன் அந்த ஊரின் பூர்வீகம் தெரியவேண்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்பு அங்கே ஈச்சோலைக் குடிசைகளும் மீன்பிடியும் முத்துக்குளிப்பும்தான். பிறகு கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. ஒரு தலைமுறைக்குள் மாடிக்கு மேல் மாடி, கடற்கரை நீளத்துக்கு அகலத் தெரு. கடல் தண்ணீரை நன்னீராக்கிப் பூமரம்கூட வளர்க்கிறார்களாம்.

முத்து என்றதும் அங்கிளின் முகம் மாறியது. அதுவரை எனக்கு மட்டும்தான் அந்த ஊர்மேல் பொறாமை என்று நினைத்திருந்தேன்.

"எங்கட கடலிலையும்தான் முத்துக் குளிச்சவை. முத்துக்குக் கீழை என்ன கிடக்கெண்டு தோண்டிப் பாக்க ஒரு நாய்க்கும் புத்தி வரேல்லையே, பிள்ளை!"

மூன்று மணிக்கூடு

ஒரு கோடையில் குணம் அண்ணை கடைச் சுவரில் புதிதாக மூன்று மணிக்கூடு மாட்டினார்: ரொறன்ரோ, கொழும்பு, அபுதாபி. அந்த வருடம் ஒக்ரோபர் கடைசி கழிந்து வந்த முதல் வெள்ளி, அபுதாபி மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்து, ஆறு மணிக்குக் கோல் எடுத்தேன். அவரோடு அறையில் இருக்கிற பெடியன்தான் எடுத்தான். அண்ணை கடற்கரைக்கு உலாத்தப் போய்விட்டார் என்றான். அடுத்த வெள்ளியும் அதே பதில். நான் இங்கே சேற்றுப்பனியில் வழுக்க, அவர் அங்கே கடற்காற்று வாங்குகிறார். தனியாகவா, துணையோடா?

மூன்றாம் வெள்ளி ரெலிபோனிலேயே பெடியனைப் பிடித்து உலுக்கினேன். அவன் பயந்துபோய், "அக்கா, இஞ்சை இப்ப ஏழு மணி. அண்ணை ஒவ்வொரு வெள்ளியும் ஆறு மணிக்கே போனடியிலை வந்து குந்தியிருந்திட்டு, நீங்கள் எடுக்கேல்லையெண்டுதான் பிறகு எழும்பிக் கடற்கரைக்குப் போறார்" என்றான். கனடாவில் குளிர்காலத்துக்கு நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். குணம் அண்ணை ஏணியில் ஏறி மூன்று மணிக்கூட்டையும் தள்ளியிருக்கிறார்! அபுதாபியில் அந்த வழக்கமே இல்லை; எங்கள் சுவரில் ஆறு என்றால் அங்கே ஏழு. நான் சத்தம் போட, அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஒண்டைத் தள்ளி மற்றதை விட்டால் பாக்கிற சனம் என்னையெல்லே பேசும்?"

கைமணிக்கூடு

அடுத்த வெள்ளி சரியான நேரத்துக்கு எடுத்தேன். நான் திட்ட வாயைத் திறக்கமுன் அவர் முந்திக்கொண்டார். "மூண்டு கிழமை உம்மட குரல் கேக்கேல்லை. இனி ஏலாது, ரிக்கற் போடும்" என்றார். இத்தனை காலம் நான் கெஞ்சி நடக்காததைக் குணம் அண்ணையின் ஏணி நடத்திவிட்டது. பெப்ரவரியில் மெல்லிய சேர்ட்டோடு வந்து இறங்கியவருக்கு, விமான நிலையத்தில் நானே ஜாக்கெற் போட்டுவிட்டேன். சக்களத்தி தோற்றாள் என்று மனம் குளிர்ந்தது.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் கடைக்கு வந்து நின்றார். ஓர் அன்ரி அவரிடம் நேரம் கேட்டார். "ஆறு" என்றார். "விடியவோ, பின்னேரமோ தம்பி?" என்று அன்ரி திகைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. கைமணிக்கூடு இன்னும் அபுதாபி நேரத்தில் ஓடுகிறது! பழைய எரிச்சல் உச்சிக்கு ஏறியது. "இஞ்சருங்கோ, ஆள் இஞ்சை, மனம் அங்கையோ? முதல்லை அதைத் திருப்புங்கோ!" என்று பாய்ந்தேன். அவர் மற்றக் கையால் மணிக்கூட்டைப் பொத்திக்கொண்டார்.

"இதிலை ஆறு அடிச்சால் நீர் கதைக்கிற நேரமப்பா. கிழமை முழுக்க அதைப் பாத்துப் பாத்து இருந்தனான், எப்பிடித் திருப்பச் சொல்லுறீர்?"

அன்றோடு அபுதாபிமேல் எனக்கிருந்த பொறாமை தீர்ந்தது. இப்போது எரிவதெல்லாம் வெள்ளிதோறும் ஆறு மணிக்குக் கோல் எடுத்த அந்தப் பெண்மேல்தான், ஏனென்றால் பக்கத்தில் இருக்கிற என்னை அவர் ஒருநாளும் அப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை.