மூடுபனிக்குள் ஒரு தற்காலிக நிர்வாகம்

இலங்கையிலிருந்து அகதியாக வந்த நாட்டில், சம்பளத்துக்கு மறுபடியும் அகதியாக நிற்பதுதான் எங்கள் தொழில். ஜெர்மனியின் தெற்கே ஒரு ராணுவப் பயிற்சித் திடலில், காட்டுக்கு நடுவே பொய்யாக ஓர் ஊர் கட்டி வைத்திருக்கிறார்கள். கதை எப்போதும் ஒன்றுதான். கடல்கடந்த ஒரு குடியேற்ற நாடு. அதைப் பிடித்து வைத்திருந்த எதிரி ஓடிவிட்டான். மீட்க வந்த ராணுவம் கொஞ்சக் காலம் ஆட்சி நடத்த வேண்டும். இளம் அதிகாரிகள் அதை எங்களை வைத்துப் பழகுகிறார்கள். அவர்களுக்கு விளங்காத மொழி பேசும் சனம் வேண்டுமாம். மற்றவர்கள் ஊர்ச்சனம், நான் மொழிபெயர்ப்பாளன்.

காலையில் மூடுபனி இறங்கினால் எது பொய், எது மெய் என்று பிடிபடாது. பேக்கரியில் இருக்கும் பாண் சுவரில் வரைந்தது. ஆனாலும் அதைக் கடந்து போகும்போது எனக்குப் பசிக்கும். அலுவலகக் கதவுகளுக்கு முன்னால் நின்று நின்று கால் கடுத்த உங்களுக்கு இனிச் சொல்லப்போவது புரியும்.

வரிசை

முதல் நாள் ராணுவம் நுழையும்போது சனம் குழம்பி ஓட வேண்டும், கத்த வேண்டும். அதிகாரிகள் அமைதிப்படுத்தப் பழகுவார்கள். பயிற்சியை நடத்தும் பெண்மணி இதை விளக்கமாகச் சொல்லியிருந்தார். பனிக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று எல்லாரும் வரிசையாகிவிட்டார்கள், கையில் அடையாள அட்டையோடு. கனவில் நடப்பதுபோல நானும் போய் நின்றிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. பெண்மணி தலையில் கைவைத்தார்.

"நீங்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றால் இவர்கள் எதைப் படிப்பது?"

தற்காலிகம்

காது சிவந்த ஓர் இளம் லெப்டினன்ட், தேவாலயப் படியில் ஏறி அறிவித்தார்: "இது தற்காலிக நிர்வாகம்." நான் தமிழில் சொன்னேன். ஊர்த்தலைவராக நின்ற கந்தசாமி அண்ணை சிரிக்கத் தொடங்கினார். மற்ற நாட்களில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர் அவர். லேசில் சிரிக்காத மனிதர். சிரிப்பு வரிசை முழுக்கத் தொற்றியது. நான் ஏதோ பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று லெப்டினன்டுக்குச் சந்தேகம். "என்ன அண்ணை?" என்றேன்.

"தற்காலிகம் எண்டு சொல்லித்தான் எங்கட வீட்டு வளவுக்கையும் ஆமிக்காரர் காம்ப் போட்டவங்கள். எனக்குப் பேரப்பிள்ளையும் பிறந்திட்டுது, கம்பிவேலி இன்னும் நிக்குது."

செல்வியக்காவின் கேள்வி

செல்வியக்காவுக்குக் கொடுத்த வேடம், எதிரி பிடித்துப்போன கணவனைப் பற்றி நிர்வாகத்திடம் கேட்கும் மனைவி. அவருடைய சொந்தக் கணவர், யுத்தம் முடிந்தபோது அக்காவின் கண்முன்னாலேயே இலங்கை ராணுவத்திடம் சரணடைந்தவர். அதற்குப் பிறகு யாரும் ஒரு பதிலும் சொல்லவில்லை. இந்த வேடம் அவரை உடைத்துவிடும் என்று நான் பயந்தேன். "அக்கா, கடைக்காரியா நில்லுங்கோவன்" என்று கெஞ்சினேன். "ஏலாது தம்பி. கேக்கிறதுக்கு எனக்கு வேற ஆமி இல்லை" என்றார்.

கடைசி நாள் பனி யன்னல் வரை வந்து நின்றது. செல்வியக்கா லெப்டினன்டின் மேசைக்கு முன்னால் போனார். சொல்லிக்கொடுத்த பெயருக்குப் பதிலாகத் தன் கணவரின் பெயரை மெதுவாகச் சொல்லி, "எங்க வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். பெயரை மாற்றாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். "விசாரிக்கிறோம், அடுத்த கிழமை வாருங்கள்" என்பதுதான் லெப்டினன்ட் சொல்ல வேண்டிய பதில். ஆனால் அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, தன் கதிரையை அக்கா பக்கம் நகர்த்தினார். "எனக்குத் தெரியாது, அம்மா. மன்னித்துக்கொள்ளுங்கள்." அந்தப் பதிலுக்கு அவருக்குப் புள்ளி குறைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். செல்வியக்கா அழவில்லை. கதிரையில் அமர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது எண்டு சொல்லவாவது ஒருத்தன் எழும்பி நிண்டானே, தம்பி."

அன்று பின்னேரமே தற்காலிக நிர்வாகம் கொடியை இறக்கி, மேசை கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் மறைந்தது. சொன்ன நாளில் ஊரை விட்டுப் போகும் ஆமியை நான் கண்டது இந்தப் பொய் ஊரில் மட்டும்தான்.