ஓடையிலிருந்து வந்த வயர்

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் ஓடை பாய்ந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அண்ணா, ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டி ஓடைக்குள் இறக்கினான். சிரட்டைகளில் தண்ணீர் விழச் சக்கரம் சுழலும். சக்கரம் ஒரு சைக்கிள் டைனமோவைச் சுழற்றும். அங்கிருந்து வேலியோரமாக வந்த வயர் எங்கள் குசினியில் ஒரு சின்ன பல்பை எரியவைக்கும். மின்வெட்டு நேரங்களில் அம்மா அந்த வெளிச்சத்தில்தான் சமைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணா முதலில் ஓடைக்குத்தான் கூட்டிப்போவான். தேநீரெல்லாம் பிறகுதான்.

கொழும்பில் குண்டு வெடித்த ஒரு கிழமையில், அப்பா கந்தோருக்கு வேலைக்குப் போன பிறகு, ராணுவம் எங்கள் வீடு இருந்த ஒழுங்கையைச் சுற்றிவளைத்தது. எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்கள் எந்த வீட்டில் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்வளவிலிருந்து ஒரு சிப்பாய் கத்தினான். பற்றைச் செடிகளுக்குள்ளிருந்து வீட்டுக்குள் போகும் வயரை அவன் கண்டுவிட்டான். எங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். ஒருவன் வயரை அறுத்தான். இன்னொருவன் சக்கரத்தை உதைத்துக் கரையில் தள்ளினான்.

யார் இதைச் செய்தது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கேள்வி பொதுவானதுதான், பார்வை அண்ணாவின் மேல் இருந்தது. அவன் வாய் திறக்குமுன் அம்மா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். இது பள்ளிக்கூட வேலை, இந்தப் பிள்ளைதான் செய்தது என்று தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார். பொய் சொல்லும் வாயில் மிளகாய்த்தூள் போடுவேன் என்று வெருட்டுகிற அதே அம்மா. எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்படியானால் எரியவைத்துக் காட்டட்டும் என்றார் அதிகாரி.

அம்மா என் காதருகே குனிந்தார். அவருடைய குரல் சாதாரணமாக இருந்தது. விரல்கள் மட்டும் என் தோளெலும்பில் பதிந்திருந்தன.

"செய்து காட்டு பிள்ளை. நீ செய்தது மாதிரியே செய்."

சக்கரத்தை நிமிர்த்தி ஓடையில் வைத்தேன். குசினிப் பல்பைக் கழற்றிக்கொண்டுவந்து, அறுந்த வயரைப் பல்லால் உரித்துப் பல்பிலும் டைனமோவிலும் முறுக்கினேன். சக்கரம் சுழன்றது. பல்ப் எரியவில்லை. அண்ணாவைப் பார்த்தேன்; ஒரு கண்சாடை போதும். அவன் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு சிப்பாயின் துவக்கு கிளிக்கென்றது. அப்போதுதான் இரண்டாவது வயரைத் துருவின் மேல் முறுக்கியிருப்பதைக் கண்டேன். துரு இருந்தால் கரண்ட் போகாது என்று அண்ணா எப்போதோ சொல்லியிருந்தான். ஒரு கல்லை எடுத்து டைனமோவின் உடம்பைப் பளபளக்கும்வரை தேய்த்துவிட்டு மறுபடி முறுக்கினேன்.

பல்ப் மஞ்சளாக எரிந்தது.

அதிகாரி குந்தியிருந்து அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். தன் ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்றார். சிரட்டைகளை எதனால் கட்டினாய் என்று கேட்டார், கம்பியால் என்றேன். எழும்பிப் போகும்போது, தங்கையைப் பார்த்துப் படி என்று அண்ணாவுக்குப் புத்தியும் சொன்னார்.

அவர்கள் போனதும் அம்மா குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டார். அண்ணா வளவின் மூலைக்குப் போய் வாந்தியெடுத்தான். எனக்கோ அவன்மேல் ஆத்திரம். பெயர் எனக்குப் போய்விட்டதே என்ற பொறாமையில்தான் அவன் உதவவில்லை என்று முடிவுகட்டினேன். அவனோடு சரியாகக் கதைக்கவும் இல்லை.

அடுத்த மாதமே அண்ணாவைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வெளிநாட்டுக்கு என்று பேச்சு. பஸ் நிலையத்தில் எனக்கு மனம் கேட்கவில்லை.

"உனக்கு என்னில கோவமோ?" என்றேன்.

"இல்லையடி. ஆர் கேட்டாலும் நீதான் செய்தது எண்டு சொல்லு. இனி எப்பவும் அப்பிடித்தான்."

சக்கரத்தை எனக்கே தந்துவிட்டுப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். பஸ் பாலத்தைக் கடந்து மறையும்வரை சந்தோஷமாகக் கையசைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா ஏன் கையசைக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.