அக்கா கலக்காத கறுப்பு

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரளவு துணிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் ஓவியர். கையில் சுவருக்கு வண்ணம் அடிக்கிற பட்டைத் தூரிகை. அதிலிருந்து கறுப்பு சொட்டுகிறது. திடீரென்று திரும்பி ஒரே வீச்சு! தோளிலிருந்து கிளம்பி, துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அம்மாடி, பார்க்க வந்தவர்கள் தாமாகவே பின்வாங்குவார்கள்.

அப்புறம்தான் நிஜமான வேலை. சின்னத் தூரிகையில் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு அந்தக் கறுப்பின் ஓரங்களை மதியம் முழுக்கச் செதுக்குவார். "வெள்ளை சும்மா விட்ட இடம்னு நினைச்சுக்கறாங்க. அதையும் அடிச்சுத்தான் ஆகணும்" என்று அலுத்துக்கொள்வார்.

போன வருஷம் வரை இவர் படங்களில் நிறங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அத்தனையும் கூடவே இருக்கும் இவருடைய அக்கா கலந்து கொடுத்தவை. "மழை விட்டதும் வர்ற சாம்பல்க்கா, கொஞ்சம் கோபமா" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் போதும், கிண்ணத்தில் அது தயாராக இருக்கும்.

ஒரு நாள் காலை, "இனிமே கலர் வேணாம்க்கா. கலர் அழகா இருக்குன்னு ஆளுங்க அங்கேயே நின்னுடறாங்க. நான் கையை வீசினது யாருக்கும் தெரியல" என்றார். காரணம் சரிதான். கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவளின் முகத்தை ஏறிட்டாவது பார்த்திருக்கலாம், மனுஷன்!

அன்றிலிருந்து அக்கா பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "டப்பாவைத் திறந்து குடுக்க நான் எதுக்கு?" என்றாள். நேற்று, மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.  இரு என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வீம்பு.

இன்று பெட்டியும் கையுமாக விடைபெற வந்தவள், படத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள்.

"என்னடா வெள்ளை இது? செத்த வெள்ளை. கறுப்போட ஒட்டவே இல்ல."

"டப்பாவுல இருக்கறதுதான்க்கா."

"அதான் சொல்றேன்."

"ஓரம் பூரா அடிச்சு முடிச்சாச்சே..."

"முடிச்சா? திரும்ப அடி."

அவர் மேசைக்கு அடியில் துழாவி, தூசி படிந்த கிண்ணம் ஒன்றை எடுத்து, உள்ளங்கையால் துடைத்து நீட்டினார்.

"நீ போனா எனக்குக் கை ஓடாதுக்கா."

அக்கா பெட்டியைப் படுக்கப் போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, வெள்ளையில் ஒரு சொட்டு விடுவதற்காக மஞ்சள் டப்பாவின் மூடியை நெம்பத் தொடங்கினாள்.