நன்றாகப் புரிந்த ஒரு தப்பு

பெங்களூரில், கோரமங்களாவிலிருந்து ஈஜிபுராவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். போன சனிக்கிழமை, பகல் பதினொரு மணி வெயில். ஆட்டோ பிடித்திருக்கலாம். ஆனால் கோபமாக எழுந்து வந்தவன் வாசலிலேயே ஆட்டோவுக்குக் காத்து நின்றால் கோபத்துக்கு என்ன மரியாதை? அதனால் நடை.

கோபம் யார் மேல்? நல்ல பிள்ளைகள் மேல். அதுதான் சங்கடமே.

ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஆறேழு பேர். கரூர், விருதுநகர், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். கைக்காசு போட்டு ஓர் அறை எடுத்து, நின்றுபோன தமிழ் இதழ்களைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். இந்த முறை அவர்களிடம் கிடைத்தது 'ஏனெனில்'. பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் அறிவியல் மாத இதழ். கேள்விப்பட்டதில்லையா? குற்றமில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக நடந்த இதழ் அது.

"நீங்க அங்க வேலை பார்த்தீங்களாமே... வந்து அதோட வரலாறச் சொல்லுங்க சார்" என்று காயத்ரி போன் செய்தாள். கரூர்ப் பெண். அந்தக் குழுவை நடத்துகிறவள். நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வரலாறு சொல்லப் போகிறவன் அல்லவா!

காபி கொடுத்தார்கள். பெரிய திரையில் பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். ஒரு பக்கம் வந்தது. காபியைக் கீழே வைத்தேன்.

"இந்தப் பக்கத்த எடுத்துடும்மா" என்றேன்.

"எடுக்க முடியாதுங்க சார். இருக்கிறத இருக்கிறபடியே ஏத்தறதுதான் எங்க ரூல். நாமளா எதையும் எடுக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாதுங்க."

"அதுல இருக்கிறது தப்பு. நம்பி ஒருத்தர் செஞ்சா ஆபத்து. அப்பவே திருத்தம் அடிச்சு ஒரு ஸ்லிப் ஒட்டினோம். அடுத்த மாசமும் போட்டோம்."

"அந்த அடுத்த மாச இதழ் எங்களுக்குக் கிடைக்கலைங்க. இந்தக் காப்பியிலயும் ஸ்லிப் இல்லை. உங்ககிட்ட ஒன்னு இருந்தாக் குடுங்க சார், கண்டிப்பா ஸ்கேன் பண்ணிச் சேர்த்துடறோம்."

என்னிடம் ஏது? வருடத்துக்கு ஓர் அறை மாறுகிறவன் நான். ஒரு பை, இரண்டு சட்டை... அதற்கு மேல் எதையும் நான் காப்பாற்றி வைத்ததில்லை.

"அப்ப என்னங்க சார் பண்றது?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? அதைச் சொல்ல மாசிலாமணி சாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

'ஏனெனில்' அவருடைய இதழ். ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் லேத்தில் கடைந்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்ப்பார். முடியளவு பிசகினாலும் தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஜீவனஹள்ளியில் வாடகை வீடு. முன்னறைதான் ஆபீஸ். சுவரில் ஒரு புத்தர் படம், அதற்குப் பக்கத்தில் உலக வரைபடம்.

முதலில் நாலு தாள், சைக்ளோஸ்டைல். ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டில் நின்று அவரே கொடுத்தாராம். பிறகு சிவாஜி நகரில் ஒரு பிரஸ், முப்பத்திரண்டு பக்கம், கலர் அட்டை. ஏன் என்று கேட்டால் பதில் இப்படித்தானே ஆரம்பிக்கும், அதனால் இந்தப் பெயர் என்பார். பெட்டிக்கடைக்காரர்களுக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. அவர்களுக்கு அது 'ஏன் புக்கு'.

கேள்விகள் போஸ்ட் கார்டில் வரும். பொம்மசந்திராவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'வானம் ஏன் நீலம் என்று விளக்கினீர்கள். நன்றி. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாக இருக்கிறதே, அதையும் விளக்குவீர்களா?' சார் சிரிக்கவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நாலு பக்கம் எழுதினார்.

நான் எப்படி அங்கே போனேன்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டலில் தட்டுக் கழுவினேன், லாட்ஜில் படுக்கை விரித்தேன், பொம்மசந்திராவில் இரும்புத் தூள் பெருக்கினேன். கை வீங்கியது, வேலை போயிற்று. 'ஏனெனில்' ஆபீஸில் இதழ்களுக்கு மேலுறை ஒட்ட ஆள் தேடினார்கள். சேர்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து சார் ஒரு கட்டுரையை நீட்டினார்.

"இதப் படி. எங்க புரியலையோ அங்க கோடு போடு. புரிஞ்சா டிக் போடு."

"எனக்கு எங்க சார் இதெல்லாம் புரியும்?"

"அதனாலதாம்ப்பா உங்கிட்ட குடுக்கறேன். படிச்சவன்கிட்ட குடுத்தா புரியலன்னு ஒத்துக்கவே மாட்டான்."

இப்படி எனக்கு ஒரு பதவி கிடைத்தது. புரியாதவன். நான் கோடு போட்ட இடத்தையெல்லாம் சார் திருப்பி எழுதுவார். மறுபடி கொடுப்பார். என் டிக் இல்லாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது. என் அறியாமைக்கு அவ்வளவு மதிப்பை அதற்கு முன்னும் யாரும் கொடுத்ததில்லை, பின்னும் இல்லை.

ஒரு மாதம் பேட்டரி பற்றிக் கட்டுரை வந்தது. எழுதியவர் விஷயம் தெரிந்தவர். 'வாலை வடிநீரில் கந்தக அமிலம் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படல் வேண்டும்' என்று எழுதியிருந்தார். நான் பெரிய கோடாகப் போட்டேன். வாலை வடிநீர் என்றால் என்ன? யார் சேர்க்க வேண்டும்?

சார் எளிமையாக மாற்றினார். 'ஜாடியில் ஆசிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.'

என்ன சுலபம்! சமையல் குறிப்பு மாதிரி. ஒரே மூச்சில் புரிந்தது. டிக் போட்டேன்.

உங்களில் சிலருக்கு இதற்குள் திக்கென்றிருக்கும். ஆமாம்... தலைகீழ். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் விட்டால் அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து, ஆசிட்டை வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். மூலத்தில் சரியாக இருந்தது. எனக்குப் புரிவதற்காக மாற்றியதில் புரண்டுவிட்டது. முடியளவு பிசகையும் பிடிக்கிறவர் சார். அன்றைக்கு அவர் கண்ணிலும் படவில்லை.

இதழ் வெளிவந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். காலையில் ஓர் ஆள் ஆபீஸுக்கு வந்தார். என் வயதுதான். இடது கண்ணில் கட்டு. கையில் அந்தப் பக்கத்தில் மடித்த இதழ். சத்தம் போடவில்லை.

"சார், நான் தேவராஜ். ஈஜிபுராவுல பேட்டரி கடையில வேலை. நான் குடிச்சிட்டு செஞ்சேன்றாரு ஓனரு. அவசரப்பட்டேன்றாங்க ஊட்ல. எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். நான் படிச்சது தப்பா, நீங்க போட்டது தப்பா?"

சார் வாங்கிப் படித்தார். ஒருமுறைதான். இரண்டாவது தடவை படிக்கத் தேவைப்படவில்லை.

"நாங்க போட்டதுதாங்க தப்பு. நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

தேவராஜ் தலையாட்டினார். அவ்வளவுதான். சார் அவரைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ முறை போனார். பார்வை திரும்பவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போட்டால் போதாதா என்றார் பிரஸ்காரர். அதற்குள் இன்னும் எத்தனை பேர் படிப்பார்கள்? அன்றைக்கே ஸ்லிப் அடித்தோம். வெளியூருக்குத் தபாலில் போனது. பெங்களூர் சந்தாதாரர்கள் வீட்டுக்கெல்லாம் நான் போனேன்... பையில் ஸ்லிப் கட்டு, ஒரு பாட்டில் பசை. கதவைத் தட்டி, இதழை வாங்கி, அந்த வரிக்கு மேலேயே ஒட்டிக் கொடுத்தேன். பொம்மசந்திராவில் ஒரு மெஸ்ஸில், "இந்த ஒரு புக்க எட்டு பேர் படிச்சோம்ப்பா. அதுல மூனு பேரு ஊருக்கே போயிட்டாங்க. அவங்க மேல எப்படி ஒட்டுவ?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

அதற்கப்புறம் 'ஏனெனில்' முதல் பக்கத்தில் எப்போதும் ஒரு பகுதி வந்தது. 'நாங்கள் செய்த தப்பு.' தன் தப்பைத் தானே விளம்பரம் செய்கிற ஆள் என்று சாரைச் சிலர் கிண்டல் செய்தார்கள். வாசகர்கள் முதலில் புரட்டியது அந்தப் பகுதியைத்தான். சில வருடங்களில் சாருக்கு உடம்பு முடியாமல் போனது. இதழ் நின்றது. நான் அதற்கு முன்பே வேறு ஊர், வேறு வேலை என்று கிளம்பிவிட்டிருந்தேன். திரும்பி வந்தபோது சார் இல்லை. அந்த முன்னறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு, 'உங்கள் பத்தி நன்றாகப் புரிகிறது' என்று நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும் வரும். புரியாத வரி யாரையும் எதுவும் செய்வதில்லை. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். புரிகிற வரியை அல்லவா நம்பிக் காரியத்தில் இறங்குகிறார்கள்?

சரி, ஈஜிபுராவுக்கு வருகிறேன்.

தேவராஜ் இப்போது அங்கேயே சொந்தமாக இன்வர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறார். எப்போதாவது போய் டீ குடித்துவிட்டு வருவேன். அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை.

"இன்னா குரு, வேர்த்து ஊத்துது? தொரத்தினாங்களா?"

"நானேதான் எழுந்து வந்துட்டேன்."

"அதானே பாத்தேன். எந்த எடத்துலதான் நீ முழுசா ஒக்காந்த?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ஸ்லிப் உன்கிட்ட இருக்கா தேவராஜ்?"

"எங்கிட்ட எங்க இருக்கும்? நீ ஒட்ட வந்தப்ப, எனக்குத்தான் தெரியுமே, தெரியாதவனுக்குக் குடுன்னு அனுப்பிட்டேன். புக்கும் ஒரு மழையில போச்சு."

"அப்ப நீயே அந்தப் பொண்ணுகிட்ட பேசு. அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

தேவராஜ் என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எடுக்கறதா? யாரக் கேட்டு எடுக்கச் சொன்ன?"

"இல்லப்பா, இன்னொருத்தன் படிச்சிட்டு..."

"இரு. இந்த ஏரியாவுல என்னிய இன்னான்னு சொல்றாங்க தெரியுமா? குடிச்சிட்டு கண்ண வுட்டவன். எம் பையன் கல்யாணத்துல கூட ஒருத்தன் மைக்க புடிச்சு சொன்னான், ஜோக்குன்னு. நான் படிச்சபடிதான் செஞ்சேன்னு காட்ட எங்கிட்ட இன்னா இருக்கு? அந்தப் பக்கம் ஒன்னுதான். அதையும் எடுத்துடுன்றியா?"

எடுக்கச் சொன்னபோது நான் யாரைக் காப்பாற்றப் பார்த்தேன்? படிக்கப் போகிறவர்களையா... என்னையா?

"அந்த வரிக்கு டிக் போட்டது நான்தான்" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

"தெரியும். இப்ப அது எதுக்கு? போனப் போடு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அம்மா, நான் தேவராஜ். ஈஜிபுரா. அந்த ஆசிட்டு பக்கம் இருக்கில்ல, அதப் படிச்சிட்டு செஞ்சவன் நான். எடது கண்ணு போச்சு. அந்தப் பக்கத்த எடுக்காதீங்க. ஆனா சும்மனே அப்படியே வுட்றவும் வேணாம். பக்கத்துலயே இது தப்புன்னு எழுதுங்க. ஒருத்தன் இத சரியா படிச்சு, சொன்னபடியே செஞ்சான்னும் எழுதுங்க. எம் பேரப் போட்டுக்கங்க."

"எழுதிடறோம்ங்க ஐயா" என்றாள் காயத்ரி. குரல் இறங்கியிருந்தது. "ரூல மாத்திக்கறோம்ங்க. பக்கம் அப்படியே இருக்கும், குறிப்பும் கூடவே இருக்கும்." பிறகு என்னிடம் கேட்டாள்: "சார், இந்த மாதிரி வேற பக்கமும் இருக்குங்களா?"

"தெரியலம்மா." அதுதான் உண்மை.

"எங்களுக்கு ஸ்கேன் பண்ணத்தான் நேரம் சரியா இருக்குங்க. யாருமே உக்காந்து படிக்கலை. சம்பளம் ரொம்பத் தர முடியாது... நாளைக்குக் காலைல வர்றீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தேவராஜ் சொன்னார்: "வருவான் வருவான். நான் தொரத்தி வுடறேன்."

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். கிடைத்த இதழ்களையெல்லாம் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். நம்பிச் செய்தால் யாருக்காவது அடிபடும் என்று தோன்றுகிற இடத்தைக் குறித்துக் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் குறிப்பு எழுதுவார்கள். பதிவேட்டில் என்ன வேலை என்று போடுவது என்று காயத்ரி கேட்டாள். 'படிக்கிறவர்' என்று போடச் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு பக்கம்தான் நகர்ந்திருந்தது. "கொஞ்சம் ஸ்லோவா போகுதுங்களே சார்" என்றாள், தயங்கித் தயங்கி.

ஆமாம்மா. சீக்கிரமாகப் புரிந்துகொண்டு ஒரு தடவை டிக் போட்டாகிவிட்டது.