வக்கீல் மாமாவை டெல்லிக்கு அனுப்பிய கதை

எங்கள் தாய்மாமன் தருமபுரி கோர்ட்டில் வாயைத் திறந்தால் பொய்ச்சாட்சிக்கு வேர்த்துக் கொட்டும் என்பார்கள். எண்பதுகளில் அவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். ஜெயிப்பாரா என்று ஊர்தான் பேசிக்கொண்டது. நாங்கள் டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டரே வாங்கிவிட்டோம்.

'உங்கள் வக்கீலை டெல்லிக்கு அனுப்புங்கள்' என்பது மாமாவே யோசித்த வாசகம். நான்காம் வகுப்பிலிருந்த நான் கண்ட சுவரிலெல்லாம் அதைக் கரியால் எழுதி வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன். மாமாவிடம் வழக்கு வைத்திருந்தவர்கள்தான் அவருக்காக அதிகம் அலைந்தார்கள். நல்லம்பள்ளியிலிருந்து வரும் தையல்காரம்மா அவர்களில் ஒருவர். கணவர் இறந்ததும், அந்த அம்மா குடியிருந்த வீடு தனக்கே சொந்தமென்று கணவரின் அண்ணன் வழக்குப் போட்டிருந்தார்.

மாமா ஜெயித்தார். வழியனுப்ப மொரப்பூர் ஸ்டேஷனில் ஏகப்பட்ட கூட்டம். நானே ஜெயித்த மாதிரி மாமாவின் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மாலை இல்லை. திங்கட்கிழமை வழக்கில் வாதம் இருக்கிறது, யார் பேசுவது என்று கேட்டார். ஜூனியர் பார்த்துக்கொள்வார் என்றார் மாமா. ஜூனியர் எழுந்து நின்றால் அவருக்கே வேர்க்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

"டெல்லில சட்டமே போடப் போறேம்மா. உங்க ஒரு கேஸு என்ன பெருசு?"

"சட்டம் எல்லாத்துக்குமுங்க. எனக்குன்னு இருந்தது ஒரு வக்கீலுதானுங்க. நானே வூடு வூடா ஏறி எறங்கி அனுப்பி வெச்சிட்டேன்."

எந்தக் கேள்விக்கும் அசராத மாமா, மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவரின் முகத்தை வாட வைத்துவிட்டாரே என்று அந்த அம்மா மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

வழக்கில் தையல்காரம்மா தோற்றார். பெண்களின் சொத்துரிமை பற்றி மாமா டெல்லியில் பிரமாதமாகப் பேசியதாகப் பேப்பரில் வந்தது. அப்பா அதைக் கத்தரித்து ஒட்டி வைத்தார். அந்த வாரமே தையல்காரம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த தம்பி வீட்டுக்கு மெஷினோடு கிளம்பினார். போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, மாமா சௌக்கியமா, டெல்லிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் விசாரித்தார்.

காபி போட எழுந்த அம்மாவின் பின்னாலேயே போய், நன்றி கெட்ட பொம்பளை என்று காதில் சொன்னேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது என்று தெரியாததால், அந்த அறை எதற்கென்று எனக்குப் புரியவில்லை.